பத்து வருடக் கல்லறை

2009 நவம்பர் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சகல புனிதர் திருநாளன்று என் அண்ணனின் சிலுவையில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மழை படாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வெள்ளை நைலோன் கயிற்றால் சிலுவையின் கையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் செவ்வந்திச் சாடியைக் கீழே வைக்காமலே வாசித்தேன். இந்த இடத்துக்குரிய தவணை முடிந்துவிட்டது, குடும்பத்தினர் மயான அலுவலகத்துக்கு வரவும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஓர் இலக்கம். அண்ணனின் பெயர் எங்கும் இல்லை.

அந்த மயானம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலைத் தாண்டி, நகர எல்லை வீதிக்கும் அப்பால், ரயில் பாதைகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் நடுவே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கராகிய எங்களுக்கு அது சேமக்காலை. 2003இல் பிரான்சுக்கு வந்ததிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போவது என் வழக்கம். அண்ணனிடம் நேராகப் போவதில்லை. பெரிய வாசலால் நுழைந்து, நடுப்பாதை நெடுகக் கல்வெட்டுகளை வாசித்துக்கொண்டு போவேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தொழில், யார் கல் நாட்டியது எல்லாம் பார்ப்பேன். எனக்கு ஆண்டுகளில் ஒரு பைத்தியம். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே ஆண்டில் இறந்திருந்தால், வீட்டுக்கு வந்து அந்த ஆண்டில் நகரத்தில் என்ன நோய் பரவியது என்று புத்தகத்தில் தேடுவேன்.

நடுப்பாதையின் இரு பக்கமும் பெரிய மனிதர்கள். வாசலுக்குக் கிட்ட, நகர முற்றுகையில் இறந்த படைவீரர்களுக்கான நினைவுத்தூண். மேலே துப்பாக்கியில் சாய்ந்து நிற்கும் ஒரு கல்லுச் சிப்பாய், மூக்கு உடைந்துபோயிருந்தது. பிறகு சர்க்கரை ஆலை முதலாளி ஒருவரின் குடும்பக் கல்லறை, ஒரு சின்னக் கோயில் அளவு. நிறக் கண்ணாடி உடைந்து, உள்ளே புறாக்கள் குடியிருந்தன. முகத்தை வார்த்துப் பதித்த வெண்கல வட்டம் களவுபோய், வட்டமான பச்சைக் கறை மட்டும் மிஞ்சிய ஓர் இசைக்காரரின் கல்லும் இருந்தது. இவற்றில் சிலவற்றுக்கு நகரசபை ஒரு சின்னப் பலகை அடித்திருந்தது. வரலாற்று மதிப்புள்ளவை, எவரும் தொட முடியாதவை என்பது அதன் பொருள்.

பலகை இல்லாதவற்றை அன்றுவரை நான் வேறு கண்ணால் பார்த்ததில்லை. அன்று திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். 'நிரந்தரமாக' என்று வெட்டிய கற்களிலும் அதே போன்ற அட்டைகள் தொங்கின. அவற்றில் வேறு வாசகம் இருந்தது: கைவிடப்பட்ட நிலையில் உள்ளது, மீட்டெடுக்கப்படும். நூறு வருடத்துக்கு முன் ஒருவர் தன் மனைவிக்காக நிரந்தரமாக வாங்கிய நிலம் அது. அந்த எழுத்துகளுக்கு மேலேயே கயிறு போயிருந்தது. நிரந்தரமே இப்படியென்றால், எங்களுடையது என்ன?

மறுநாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மயான அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். பத்து வருடத் தவணை, பெப்ரவரியில் முடிந்தது, இரண்டு வருடம் பொறுப்பார்கள். அதற்குள் நிலத்தை எடுத்தவர் வந்து புதுப்பிக்கலாம். வராவிட்டால் நிலம் நகரசபைக்குத் திரும்பும், எலும்புகள் பொதுக் கிடங்குக்குப் போகும்.

"நான் அவருடைய சொந்தத் தம்பி" என்றேன்.

"புரிகிறது. ஆனால் நிலத்தை எடுத்தவர் உங்கள் அண்ணன் இல்லையே. கையெழுத்து வைத்தவர்தான் வர வேண்டும்."

கையெழுத்து வைத்தவரை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். கார் து நோர் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து லா சப்பலுக்கு ஏறி வரும் வீதியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். நான் வந்து இறங்கிய அன்று எனக்குக் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவரும் அவர்தான். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இங்கே கடை அண்ணை என்று எழுதுகிறேன்.

அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். வாசலில் விற்றது போக மிஞ்சிய செவ்வந்திச் சாடிகள். பொட்டு வைத்த ஒரு அம்மா இரண்டு சாடியைத் தூக்கிக் கூடையில் வைத்தார்.

"அக்கா, உது இஞ்சை செத்த வீட்டுப் பூ. வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கொண்டு போயிடாதேங்கோ" என்றார் கடை அண்ணை.

"நான் பிள்ளையாருக்கு வைக்கப்போறன். அவர் என்ன வெள்ளைக்காரரே?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்.

அவர் போனபின் நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். கடை அண்ணை வாழைக்குலையில் சீப்பு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"நீ புரோவுக்குப் போனனியோ?"

"ஓம் அண்ணை. இண்டைக்குத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனனான்."

"ஏன் போனனி? கேட்டாத்தானே அவங்களுக்குக் கண்ணிலை படும். ஆயிரம் பேர் கிடக்கிற இடத்திலை அவன் ஒருத்தன் பேசாமக் கிடந்தா ஆருக்குத் தெரியப்போகுது? துப்பரவா வைச்சிரு. பூ வை. சத்தம் போடாதை."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. விசா இல்லாத காலத்தில் அவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். நல்ல சட்டை, துடைத்த சப்பாத்து, மெத்ரோவில் சத்தமில்லாமல் ஒரு மூலை. பொலிஸ் நின்றால் அடுத்த ஸ்டேசன். எட்டு வருடம் அப்படி இருந்த ஒருவருக்கு, தவணை முடிந்த கல்லறையும் பேப்பர் இல்லாத ஒரு ஆளாகவே தெரிந்தது. பிடிபடாமல் இருந்தால் போதும்.

பத்து வருடம் என்று எப்படி முடிவானது என்பதை அதற்கு முன்பே பல பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். 1999 பெப்ரவரியில் உணவகத்துச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டு நின்ற அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. முப்பத்தொரு வயது. அவருடைய அகதி வழக்கு இரண்டாம் தரமும் நிராகரிக்கப்பட்டிருந்தது. உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. போரால் அம்மா இருந்த இடத்துக்கு அப்போது பாதையே இல்லை. அறையில் இருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். பத்து, முப்பது, ஐம்பது என்று மூன்று தவணை இருந்தது. ஒருவர் முப்பது எடுப்போம் என்றபோது மற்றவர்கள் அவரைப் பகிடி பண்ணினார்களாம். "உனக்கென்ன விசரே? முப்பது வருசம் இஞ்சையோ இருக்கப்போறம்? பிரச்சினை முடிஞ்ச உடனை போறதுதானே. போகேக்கை அவனையும் கொண்டு போவம்." பத்தே கூடுதல் என்பதுதான் அறையின் தீர்ப்பு. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்த கடை அண்ணை, "சீவியத்திலை கிடைக்காத பத்து வருச விசாக் கார்த் அவனுக்குச் செத்தாப்பிறகு கிடைச்சிட்டுது" என்று சொன்னதாகவும், சொல்லிவிட்டு வீதியில் குந்தி அழுததாகவும் கேள்வி.

பிரச்சினை முடிவது என்றால் என்னவென்று 2009 மே மாதத்தில் பார்த்துவிட்டோம். அந்த மாதம் முழுக்க லா சப்பலில் ஆளுக்காள் முகம் பார்த்துப் பேசவில்லை. பெப்ரவரியில் எங்கள் தவணை முடிந்திருந்தது. அது யாருக்கும் நினைவில் இருக்கவில்லை.

2010ஆம் ஆண்டை நான் பயத்தில்தான் கழித்தேன். வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகும். மாதம் ஒரு தரமாவது கடைக்குப் போய்க் கேட்பேன். "இந்தக் கிழமை லொறி வருது", "முழங்கால் உளைவு", "வெயில் வரட்டும்", "நத்தார் முடியட்டும்." நத்தார் எதற்கு என்று கேட்டால், "நீ ஒரு கலண்டர்" என்பார். ஞாயிறுகளில் கல்வெட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வாசலால் நுழைந்ததும் கால் தானாக வேகம் எடுக்கும். எங்கள் வரிசைக்குக் கிட்டப் போகும்போது அதே கால் தயங்கும். சர்க்கரை முதலாளியின் கோயிலைத் தாண்டித் திரும்பினால் சிலுவை தெரியும். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நின்று மூச்சு வாங்கினேன். அது அங்கே இருக்கும். அட்டையும் இருக்கும்.

மயானத்தின் வடக்கு மதிலோடு ஒரு பதிந்த கட்டடம், இரும்புக் கதவு, பூட்டு. அதுதான் எலும்புக் கிடங்கு. முன்பு அதை மண்வெட்டி, கடப்பாரை வைக்கும் அறை என்று நினைத்திருந்தேன். தெரிந்தபின் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கனவில் போனேன். கனவில் கதவு திறந்திருக்கும், உள்ளே யாரோ என் அண்ணனின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவது யாரென்று பார்க்க எனக்குத் துணிவு வராது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனில் ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கொண்ணனுக்கு மெழுகுதிரி கொளுத்தினியே?" ஊரில் நிலத்துக்குத் தவணை என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அங்கே ஒருவரை அடக்கினால் அடக்கியதுதான். எங்கள் கரையோரக் கிராமத்துச் சேமக்காலையில், அப்பாவின் பக்கத்தில், அண்ணனுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார். அந்தக் கிராமம் இருபது வருடமாக இராணுவ வலயத்துக்குள் இருந்தது. அம்மா வேறோர் ஊரில் வாடகை வீட்டில் இருந்தபடி அந்த இடத்தைக் காவல் காத்தார்.

2011 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வாசலைத் தாண்டியதும் இயந்திரச் சத்தம் கேட்டது. நினைவுத்தூணடியில் ஓடத் தொடங்கினேன். மயானத்தில் ஓடக் கூடாது என்று நினைத்தது நினைவிருக்கிறது, நினைத்துக்கொண்டே ஓடினேன். திருப்பத்தில் ஒரு சிறிய மண் அள்ளும் இயந்திரம் எங்கள் வரிசையில் நின்றது. அண்ணனின் சிலுவை நின்றது. அதற்கு மூன்று இடம் தள்ளி, 'நிரந்தரமாக' என்று வெட்டிய கல் இரண்டாகப் பிளந்து பாதையில் கிடந்தது. குழிக்குள் ஒருவர் இறங்கி நின்றார். மேலே நின்றவர் ஒரு மரப்பெட்டியைப் பிடித்திருந்தார். சின்னப் பெட்டி. ஒரு முழு மனிதர் அதற்குள் அடங்குவாரா என்று எனக்குத் தோன்றியது.

"குடும்பமா?" என்று மேலே நின்றவர் கேட்டார்.

"இல்லை. அந்தச் சிலுவை."

அவர் அட்டையைப் பார்த்தார். "அது இப்போது இல்லை. பழையவை முடியட்டும். தவணைக்காரர்களை மார்ச்சில் எடுப்போம்." கெட்ட மனிதர் இல்லை. காய்கறி வரும் நாள் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். சனிக்கிழமை, எபினேயிலிருந்தும் மற்றப் புறநகரங்களிலிருந்தும் சனம் வந்து குவிந்திருந்தது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போய்க் கடை அண்ணையின் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்தேன். அப்படி ஒருநாளும் செய்ததில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பெட்டியைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு சின்னது என்று கையால் காட்டினேன்.

அவர் மூட்டையில் இருந்துவிட்டார்.

"கையெழுத்து வைக்கிறதிலை உங்களுக்கு என்ன அண்ணை கஷ்ரம்? நீங்கள் இப்ப பிரெஞ்சுக்காரன். ஆர் உங்களைப் பிடிக்கப்போறான்?"

"பிடிக்கிறதுக்கில்லையடா."

"பேந்து?"

"அண்டைக்குக் கொம்மாவோடை போனிலை கதைச்சது நான்தான். பெட்டியைப் பூட்ட முதல். பத்து வருசத்துக்குள்ளை நானே கொண்டுவந்து உங்கடை கையிலை தாறன், அழாதேங்கோ எண்டு சொன்னனான். இப்ப நான் போய்ப் புதுப்பிச்சா என்ன அர்த்தம்? கொண்டுவரமாட்டன் எண்டு எழுதிக் குடுக்கிறதுதானே? அந்த மனுசி உயிரோடை இருக்கேக்கை எப்பிடி எழுதிக் குடுக்கிறது?"

வெளியே ஒருத்தர், "அண்ணை, முருங்கைக்காய் பிஞ்சோ முத்தலோ?" என்று கத்தினார். "முத்தல்! வேண்டாட்டி வைச்சிட்டுப் போ!" என்று இவர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப அம்மாட்டைக் கேப்பம்" என்றேன்.

"விசரே உனக்கு?"

நான் கடையில் விற்கும் ஒரு போன் அட்டையை எடுத்துச் சுரண்டினேன். ஊரில் பொழுது படும் நேரம். எண்பதை நெருங்கும் ஒருத்தியிடம், உன் பிள்ளையைக் கிளப்பிப் பெட்டியில் போடப்போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மா எடுத்ததும் போனை ஒலிபெருக்கியில் போட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னேன். தவணை, அட்டை, மார்ச். பெட்டியைச் சொல்லவில்லை.

"அவன்ரை பக்கத்திலை ஆர் கிடக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியும். "வலப்பக்கம் ஒரு பேக்கரிக்கார அம்மா. 1958இலை செத்தவ. கல்லிலை கோதுமைக் கதிர் வெட்டியிருக்கு. இடப்பக்கம் ரயில் ஓட்டினவர் ஒராள், மனுசியோடை. ஒரு சின்ன எஞ்சின் செதுக்கியிருக்கினம்."

"ரயிலே?"

"ஓம் அம்மா."

"நல்ல சனமோ?"

"நல்ல சனம்."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "தம்பி, நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. போன மாதம் ஊருக்குப் போய்ப் பாக்க விட்டவங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் போயிட்டு வந்தவன். சேமக்காலை எண்டு ஒண்டும் இல்லையாம். வெட்டையாம். கொப்பரின்ரை கல்லு எங்கை எண்டு அவனுக்கு இடம் பிடிபடேல்லை. மதிலும் இல்லையாம்." மூச்சு வாங்கினார். "அவனை இஞ்சை கொண்டுவந்து எங்கை வைக்கிறது? எழுப்பாதேங்கோ. அங்கை கிடக்கட்டும்."

கடை அண்ணை போனுக்குக் கிட்ட வந்து, "அம்மா, நான் சொன்ன சொல்லு..." என்று தொடங்கினார்.

"ஆர், நீயே? நீ சாப்பிட்டியே?" என்றார் அம்மா. போன் அட்டையில் காசு முடிந்து இணைப்பு தானாக நின்றது.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். கோட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, விசா எடுக்கப் போகும் ஆள் மாதிரி. அலுவலகத்தில் அதே பெண். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார், பழைய கோப்பில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டார். அந்த நேரம் முழுக்க கடை அண்ணை கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

"எத்தனை வருடம்? பத்து, முப்பது, ஐம்பது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அதை என்னால் சொல்லித்தர முடியாது.

"த்ரோந்த்" என்றார். முப்பது.

இன்றிலிருந்து அல்ல, பழைய தவணை முடிந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று அந்தப் பெண் விளக்கினார். ஆகவே 2039 பெப்ரவரி. என் தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. அம்மா இருக்கமாட்டார். கடை அண்ணை இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவருடைய பிள்ளைகள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவர்கள். அண்ணனின் முகத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. 2039இல் ஒரு நவம்பரில் யார் அந்தத் திருப்பத்தில் வந்து நிற்பார்கள் என்று யோசித்தேன். சனிக்கிழமை ஓடியபோது வந்த அதே பயம், ஆனால் இப்போது ஓடிப் போய்ப் பார்க்க இடமில்லை.

வெளியே வந்து சிலுவையடிக்குப் போனோம். அட்டை அப்படியே தொங்கியது. வேலையாட்கள் வந்து கழற்றுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அவங்களுக்குச் சொல்ல மறந்துபோனா?" என்றேன். இயந்திரம் இப்போது அடுத்த வரிசையில் நின்றது. "அட்டையைப் பாத்திட்டுக் கிண்டினா?"

கடை அண்ணை கோட்டுப் பைக்குள் கையை விட்டு, வாழைச்சீப்பு வெட்டும் கத்தியை எடுத்தார். செத்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நகரசபை கட்டிய கயிறு. அவர் ஒரே வெட்டில் அறுத்து, அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கயிற்றுத் துண்டையும் குனிந்து பொறுக்கினார்.

"முப்பது வருசம் எண்டால் இஞ்சை கனகாலம்" என்றார், சிலுவையைப் பார்த்தபடி. "அதுக்குள்ளை நாங்கள் ஊருக்குப் போயிடுவம்."

திரும்பி நடந்தோம். சர்க்கரை முதலாளியின் கோயிலடியில் நான் நின்று திரும்பிப் பார்த்தேன். சிலுவை நின்றது. பத்தடி நடந்து இன்னொரு தரம் பார்த்தேன்.